பத்து மாதத்தில் சாவி என்றார், பதினேழு மாதம் ஆகிறது, கூரை வார்ப்பே ஆகவில்லை. என்ன செய்யலாம்?

குழித்துறை_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் அம்மா பெயரில் ஏழு சென்ட் இருக்கிறது. அதில் ஒரே தளமாக 1600 சதுர அடிக்கு வீடு கட்ட 2024 ஜனவரி கடைசியில் கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலைப் பக்கத்துக் கான்ட்ராக்டர் ஒருவரோடு எழுதிக்கொண்டோம். மெட்டீரியல் சேர்த்து சதுர அடி 2300 ரூபாய், மொத்தம் 36,80,000. பத்து மாதத்தில் முடித்துச் சாவி தருவேன், தாமதமானால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது, அண்ணன் ஷார்ஜாவில். தை மாதம் பால் காய்ச்சு என்று சொந்தக்காரர்களிடம் அம்மா அப்போதே சொல்லியும் வைத்துவிட்டார்.

பணம் பிரித்துக் கொடுப்பது இப்படி: எழுதும்போது 10%, பேஸ்மென்ட் முடிந்தால் 20, லிண்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) 20, கூரை வார்ப்புக்கு 20, பூச்சுக்கு 15, டைல்ஸ் பெயின்டுக்கு 10, சாவி கொடுக்கும்போது 5. லிண்டல் வரைக்கும் 18,40,000 கொடுத்தோம். அப்புறம் "கம்பி விலை ஏறப்போகிறது, இப்போதே வாங்கிப் போட்டுவிடலாம்" என்று கேட்டதால் வார்ப்புக்கான 7,36,000-ஐயும் முன்கூட்டியே கொடுத்தோம். போர்ட்டிகோவைப் பெரிதாக்கியதற்கு ரொக்கமாக ஒன்றரை லட்சம். ஆக மொத்தம் 27,26,000 போய்விட்டது.

வீடு எப்படி நிற்கிறது என்றால், பங்குனியில் வார்ப்பைத் தாங்கும் சென்ட்ரிங் ஷீட் அடித்துக் கம்பி கட்டினார்கள், அதோடு சரி. கம்பி முழுக்கச் செம்பழுப்பு. மழை பெய்தால் ஷீட் இடுக்கு வழியாகத் துருத் தண்ணீர் சொட்டி ஹால் தரையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறது. பாத்ரூம் பள்ளத்தில் தண்ணீர் கட்டித் தவளை கிடக்கிறது. வடக்குச் சுவரில் பாசி. மிச்சம் கிடந்த ஆறு மூட்டை சிமென்ட் கல்லாகிவிட்டது. நாங்கள் மாதம் 9,000 வாடகையில் இருக்கிறோம்.

கேட்டால் மழை என்கிறார், எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கிடைக்கவில்லை என்கிறார், வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்கிறார். "நீங்கள்தான் பிளானை மாற்றினீர்கள்" என்றும் சொல்கிறார், அது பாதி உண்மை. 2024 மே மாதம் அண்ணன் லீவுக்கு வந்தபோது போர்ட்டிகோவை நாலடி நீட்டி, ஒரு பாத்ரூமும் சேர்க்கச் சொன்னான். எதுவும் எழுத்தில் இல்லை.

இவரை விலக்கிவிட்டு வேறு ஆளை வைக்கலாமா? நாள் 500 ரூபாயை உண்மையிலேயே வாங்க முடியுமா? ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் கொடுக்கச் சொல்கிறார்கள், இன்னொருவர் போலீஸில் கொடுக்கச் சொல்கிறார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "வழக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டில் மட்டும்" என்று வேறு இருக்கிறது, நான் அதைக் கையெழுத்துப் போடும்போது கவனிக்கவே இல்லை.

*

மட்டக்கோல் (நாகர்கோவில், சிவில் என்ஜினீயரிங்):

தங்கச்சி, கோர்ட்டு எது என்பதை வக்கீல்கள் யாராவது சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்றைய தேதியில் அந்த மனையில் என்ன நிற்கிறது என்பதை அளந்து எழுதி வையுங்கள். நாளைக்கு யார் யாருக்குப் பணம் தரவேண்டும் என்ற கேள்வி வரும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

நீங்கள் மொத்தத் தொகையில் 70%-ஐ வார்ப்புக்கு முன்பே கொடுத்துவிட்டீர்கள், போர்ட்டிகோ பணம் தனி. சுவர் லிண்டலைத் தாண்டி, சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டிய நிலையில் ஒரு ஒற்றைத் தள வீட்டில் நான் மதிப்புப் போட்டால் 40, 45 சதவீதத்துக்கு மேல் எழுத மாட்டேன். லிண்டலில் 50% என்று எழுதியதே அவருக்குச் சாதகம், அதற்கு மேல் இன்னொரு 20-ஐத் தூக்கிக் கொடுத்தது பெரிய தவறு. கான்ட்ராக்டர் கெட்டவராகவே இருக்க வேண்டியதில்லை. உங்கள் பணம் அவருடைய அடுத்த சைட்டுக்குப் போயிருக்கும், அங்கே வருகிற பணம் எப்போது இங்கே திரும்பும் என்று அவருக்கே தெரியாது. இந்த ஊரில் பாதி வீடு நிற்பது இதனால்தான்.

ஒரு என்ஜினீயரைக் கூட்டிப்போய் அறை அறையாக அளவு எடுங்கள். சுவர் நீளம், உயரம், கனம். கம்பியை எண்ணுங்கள், எடை கண்டுபிடிப்பது சுலபம், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 8 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மீட்டர் கம்பி ஒன்று 4.74 கிலோ. "ஏழு லட்சத்துக்குக் கம்பி வாங்கிவிட்டேன்" என்று சொல்கிறவர் முன்னால் உட்கார்ந்து இப்படி எண்ண ஆரம்பித்தால் அவருடைய முகம் மாறுவதைப் பார்க்கலாம். கான்ட்ராக்டரையும் எழுத்தில் கூப்பிடுங்கள், வந்தால் அவரும் அளவுத் தாளில் கையெழுத்துப் போடட்டும், வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோ, வீடியோ.

துருவைப் பற்றி: லேசான பழுப்பு பயப்படுகிற விஷயம் இல்லை. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்கிறதா, செதில் செதிலாக வருகிறதா பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, உதிரும் துரு, எண்ணெய், சேறு எதுவும் கம்பியில் இருக்கக் கூடாது என்கிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, விட்டம் குறைந்த கம்பியை மாற்றிவிட்டுத்தான் வார்ப்பு போட வேண்டும். பங்குனியிலிருந்து நனைந்து காய்ந்த சென்ட்ரிங்கை அப்படியே நம்ப வேண்டாம், ஷீட்டைத் தாங்கும் முட்டுக்கு அடியில் மண் இறங்கியிருக்கும், மட்டம் மறுபடி பார்க்கணும். கட்டியான சிமென்டைத் தட்டி உடைத்துக் கலவையில் போட்டுவிடுவார்கள், அந்த ஆறு மூட்டையை இன்றைக்கே சைட்டை விட்டு வெளியேற்றுங்கள்.

ஹால் அகலம் என்ன? சொன்னால் வார்ப்புக்குப் பிறகு முட்டு எத்தனை நாள் நிற்கணும் என்று சொல்கிறேன்.

*

கோர்ட்டு_வாசல்:

குழித்துறையில் பிராக்டிஸ். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும், முழுசாக நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

முதலில் ரெரா. அது ஃபிளாட்டோ மனையோ விற்கிற புரமோட்டருக்கான சட்டம். சொந்த மனையில் சொந்தமாகக் குடியிருக்கக் கட்டுகிற வீட்டுக்கு வந்த கான்ட்ராக்டர் அதில் சிக்க மாட்டார். அந்தப் பக்கம் போய் அலைய வேண்டாம்.

போலீஸும் அப்படித்தான். வேலை தாமதம் என்பது ஒப்பந்த மீறல், அதுவே மோசடி ஆகிவிடாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு பேசும். லிண்டல் வரை சுவர் எழுப்பியவர்மீது அதைக் காட்டுவது கஷ்டம். ஸ்டேஷனில் கூப்பிட்டு மிரட்டி எழுதி வாங்குவது சிலருக்கு ருசி, ஆனால் அந்தக் காகிதம் பிறகு நிற்காது.

இப்போது முக்கியமான இடம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு. காலக்கெடுதான் ஒப்பந்தத்தின் உயிர் என்று இருந்தால், கெடு தவறியதும் நீங்கள் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்யலாம். அப்படி இல்லையென்றால் ரத்துச் செய்ய முடியாது, நஷ்ட ஈடு மட்டும் கேட்கலாம். கட்டட ஒப்பந்தங்களில் தாமதத்துக்கு அபராதமும் கால நீட்டிப்பும் எழுதியிருந்தால், "முடியாவிட்டால் இவ்வளவு பிடி" என்று இரண்டு பேரும் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள், ஆகவே காலம் உயிர்நிலை இல்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். உச்ச நீதிமன்றம் 1979-இல் ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கில் சொன்னது இதைத்தான். உங்கள் ஒப்பந்தத்தில் நாள் 500 இருக்கிறது. அதோடு நவம்பருக்குப் பிறகு வேலை செய்யவும் விட்டிருக்கிறீர்கள், பங்குனியில் கம்பி கட்டியபோது தடுக்கவில்லை. ஆகவே "பத்து மாதம் முடிந்தது, வெளியே போ" என்று இன்றைக்குச் சொன்னால் தப்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

அதே பிரிவில் இன்னொரு வரி பலருக்குத் தெரியாது. கெடு தாண்டிய பிறகு வேலையை ஏற்றுக்கொள்கிறபோது, "தாமதத்துக்கான நஷ்ட ஈட்டைக் கேட்பேன்" என்று அப்போதே தெரிவித்திருக்க வேண்டும், பேசாமல் ஏற்றுக்கொண்டுவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம். காலம் உயிர்நிலையாக இருக்கும் ஒப்பந்தத்துக்குத்தான் அந்த வரி, ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். எனவே இன்றைக்கே ஒரு கடிதம், அவர் பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கிற தபாலில். கிட்டத்தட்ட இப்படி:

"ஒப்பந்தப்படி நவம்பர் 2024-க்குள் முடிக்க வேண்டிய வேலை முடியவில்லை. நீங்கள் வேலையைத் தொடர நாங்கள் அனுமதிப்பது, தாமதத்துக்கான நஷ்ட ஈட்டை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. இன்ன தேதிக்குள் கூரை வார்ப்பையும் இன்ன தேதிக்குள் முழு வேலையையும் முடிக்க வேண்டும். இந்தத் தேதிகள் ஒப்பந்தத்தின் உயிரான நிபந்தனை. தவறினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, மீதி வேலையை வேறு ஆள் வைத்துச் செய்து, கூடும் செலவை உங்களிடம் வசூலிப்போம்."

கொடுக்கும் தேதி நியாயமானதாக இருக்கணும். பத்து நாளில் வீட்டை முடி என்று எழுதினால் அது நோட்டீஸ் ஆகாது.

நாள் 500 விஷயம்: நவம்பர் கடைசியிலிருந்து ஏழு மாதம் என்றால் ஏறக்குறைய 210 நாள், 1,05,000. இதை அப்படியே எண்ணிக் கொடுத்துவிட மாட்டார்கள். 74-வது பிரிவுப்படி எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான நஷ்ட ஈடு. நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்க வேண்டும் என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் வாடகை ஏழு மாதத்துக்கு 63,000, அதற்கு ரசீது இருக்கிறதா? வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள், ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாய்க்கணக்குச் சொல்லாதீர்கள். வீட்டுக்கடன் வட்டி ஓடுகிறதென்றால் அந்த ஸ்டேட்மென்டையும் எடுத்து வையுங்கள்.

எந்த ஊர் என்பதற்கு வருகிறேன். சிவில் வழக்கு என்றால் நெய்யாற்றின்கரை வரி உங்களைக் கட்டும், ஏனென்றால் அவர் அங்கே குடியிருப்பதால் அந்தக் கோர்ட்டுக்கு இயல்பாகவே அதிகாரம் உண்டு, அதிகாரமுள்ள இரண்டு கோர்ட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "சேவை" என்பதில் வீடு கட்டுவதும் சேரும், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 34-வது பிரிவு சொல்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், உங்களுக்கு நாகர்கோவில். கட்டணம் 20 முதல் 50 லட்சத்துக்கு 1000 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், 2024 நவம்பரிலிருந்து எண்ணிக்கொண்டு 2026 நவம்பர் என்று காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். ஆணையத்தின் உத்தரவுக்குக் கட்டுப்படாவிட்டால் 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் தள்ளிவிட்டு இருக்க முடியாது. மூன்று, ஐந்து மாதத்தில் முடிக்கணும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் அதை நம்பிப் பால் காய்ச்சுக்கு நாள் குறிக்காதீர்கள்.

மனை அம்மா பெயரில், கையெழுத்து உங்களுடையது. இரண்டு பேருமே புகார்தாரர்களாக இருங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவு. தாலுகா சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள், வழக்குப் போடுவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுப் பேசவும் வழி இருக்கிறது.

வாட்ஸாப் செய்தி எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். "அடுத்த வாரம் வார்ப்பு" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் சாட்சியம்தான், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவுச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும், அவ்வளவே.

*

பாலத்துக்கு_அப்புறம்:

நான் பாறசாலைதான், தமிழ் படித்தவன், கான்ட்ராக்ட் எடுக்கிறேன், எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. அந்த ஆள் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன் :)

எல்லோரும் சேர்ந்து எங்களைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று. சதுர அடி ரேட் என்கிற ஏற்பாடே இரண்டு பக்கத்துக்கும் கண்ணி. 2300-க்குள் என்ன கம்பெனி கம்பி, எந்த டைல்ஸ் எவ்வளவு விலை வரை, எத்தனை கரண்ட் பாயிண்ட், செப்டிக் டேங்க் உண்டா, காம்பவுண்ட் உண்டா, போர்ட்டிகோவைப் பாதி அளவாக எண்ணுவதா முழுதாக எண்ணுவதா என்று எதுவுமே எழுதாமல் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா தனியா என்பதைக்கூட எழுதுவதில்லை. மெட்டீரியலோடு எடுத்தால் 18%, தனி வீட்டுக்குக் கூலி மட்டும் என்றால் வரி விலக்கு. பில் கேட்கும் நாளில் சண்டை வரும்.

எம் சாண்ட் விலை ஏறியது உண்மைதான். ஆனால் விலை ஏறினால் கூடுதல் தரணும் என்று எழுதாத ஒப்பந்தத்தில் அந்த நஷ்டம் எங்கள் தலையில்தான், அதைச் சொல்லி வேலையை நிறுத்துவது முறையில்லை. மழையும் அப்படியே. நம்ம ஊரில் எடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) பெய்யும், ஐப்பசி கார்த்திகையும் பெய்யும், அது பிறந்த குழந்தைக்கும் தெரியும். பத்து மாதம் என்று எழுதும்போதே இரண்டு மழையையும் கணக்கில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். புயல், வெள்ளம் என்று வந்தால் வேறு கதை.

பிளான் மாற்றியதற்கு மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. லேஅவுட் குறித்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பிறகு ஒரு பாத்ரூம் சேர்த்தால் மறுபடி தோண்டணும், ஆள் வேறு சைட்டுக்குப் போயிருப்பான், அவனைத் திரும்பப் பிடிக்கணும். அதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துவிட்டு மீதித் தாமதத்தைக் கேளுங்கள். முழு ஏழு மாதத்தையும் அவர்மேல் போட்டால் நாளைக்கு விசாரணையில் உங்கள் மொத்தக் கணக்குமே சந்தேகத்துக்கு வரும். இன்னொன்று, மாற்றிய போர்ட்டிகோவுக்கு அப்ரூவல் வரைபடத்தில் இடம் இருக்கிறதா? முன்னால் விட வேண்டிய இடத்துக்குள் நாலடி போயிருந்தால் அது தனித் தலைவலி.

*

புளியரை_மழை:

செங்கோட்டைப் பக்கம் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், அதே தப்பைச் செய்யாதீர்கள். எங்கள் கான்ட்ராக்டர் ஆரியங்காவு தாண்டி. பூச்சு வேலையில் விட்டுவிட்டுப் போனார். எனக்குக் கோபம். போனிலேயே "இனி வராதே" என்று சொல்லிவிட்டேன், அடுத்த திங்கட்கிழமை வேறு கொத்தனாரை இறக்கிவிட்டேன். அளவு எடுக்கவில்லை, போட்டோ நாலு இருந்தது, அதிலும் இரண்டில் என் மகன்தான் பெரிதாகத் தெரிகிறான்.

ஒரு வருடம் கழித்து அவர் என்மேல் நோட்டீஸ் விட்டார், செய்த வேலைக்கு 4 லட்சம் பாக்கி என்று. எது அவர் பூசியது எது புதியவர் பூசியது என்று கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் வந்து பார்த்தபோது யாராலும் சொல்ல முடியவில்லை, மேலே இரண்டு கோட் பெயின்ட் வேறு. கடைசியில் பேசி முடித்தோம், கேட்டதில் பாதியைக் கொடுத்தேன். என் அண்ணாச்சி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வக்கீல் சார் சொன்ன கடிதத்தைப் போடாமல் வேறு எதையும் செய்யாதீர்கள். வேறு ஆள் இறங்குவதற்கு முன் அளவு. அவ்வளவுதான்.

*

குழித்துறை_வீடு:

எல்லோருக்கும் நன்றி. ஹால் அகலம் 15 அடி. போர்ட்டிகோ அப்ரூவல் பற்றிக் கேட்டதும் வயிற்றைக் கலக்கிவிட்டது, பிளானை எடுத்துப் பார்த்தேன், விட வேண்டிய இடத்தைத் தொடவில்லை, ஆனால் வரைபடத்தில் இல்லாத அளவு. திருத்தப் பிளான் கொடுக்க வேண்டுமாம், என்ஜினீயர் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

ஒன்றரை லட்சம் ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இல்லை, அதற்கு என்ன செய்ய? அப்புறம், அவர் இப்போது "இன்னும் மூன்று லட்சம் போடுங்கள், நாளைக்கே வார்ப்பு" என்கிறார். அம்மா கொடுத்துவிடலாம் என்கிறார்.

*

கோர்ட்டு_வாசல்:

அம்மாவிடம் சொல்லுங்கள், வார்ப்புக்கான பணம் ஏற்கனவே அவர் கையில் இருக்கிறது. ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மெட்டீரியல்தான் தடை என்றால் சிமென்ட், ஜல்லி, எம் சாண்டை நீங்களே கடையில் உங்கள் பெயரில் பில் போட்டு இறக்குங்கள், "ஒப்பந்தத் தொகையில் கழித்துக்கொள்ளப்படும்" என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு.

ரொக்கத்துக்கு: வாட்ஸாப்பில் சாதாரணமாக ஒரு கணக்கு அனுப்புங்கள், "இதுவரை கொடுத்தது இத்தனை, இத்தனை, போர்ட்டிகோவுக்கு 1,50,000, மொத்தம் 27,26,000, சரிதானே?" என்று. அவர் "சரி" என்றாலோ ஒரு தொகையை மட்டும் மறுத்தாலோ மற்றவை ஒப்புக்கொண்டதாகப் பேசலாம். இனிமேல் ரொக்கமே வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தடை, அபராதம் வாங்குகிறவருக்கு.

*

மட்டக்கோல்:

15 அடி என்றால் 4.57 மீட்டர். ஐ.எஸ். 456-இல் சிலாபுக்கு முட்டு எடுக்கிற நாள் 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். நீங்கள் ஏழு சென்டிமீட்டரில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், ஆக 14. ஹாலில் பீம் இருந்தால் 6 மீட்டர் வரைக்கும் அதற்கும் 14 நாள். ஷீட் வாடகை நாள் கணக்கில் ஓடுவதால் ஏழாம் நாளே பிரிக்க வருவார்கள், விடாதீர்கள். பி.பி.சி. (போஸோலானா கலந்த) சிமென்ட் என்றால் வார்ப்புக்குத் தண்ணீர் விடுவது குறைந்தது 10 நாள், மழை பெய்கிறதே என்று நிறுத்த வேண்டாம், நம்ம ஊர் மழை ஒரு மணி நேரம் பெய்துவிட்டு வெயில் அடிக்கும்.

வார்ப்பு அன்றைக்குக் கலவையில் ஆறு கியூப் (சோதனைக்கான கான்கிரீட் கட்டி) எடுக்கச் சொல்லுங்கள், மூன்றை 7 நாளிலும் மூன்றை 28 நாளிலும் உடைத்துப் பார்க்க. இதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். தரமும் ஒப்பந்தக் கடமைதான், தேதியை மட்டும் பிடித்துத் தொங்கினால் அவசரத்தில் மட்டமான வார்ப்புதான் கிடைக்கும்.

*

குழித்துறை_வீடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கடிதம் போன நாலாம் நாள் கான்ட்ராக்டர் நேரில் வந்தார், முதலில் கோபமாக, "கோர்ட்டு கேஸ் என்றெல்லாம் போகணுமா, நாம் பழகினவர்கள் இல்லையா" என்று. அம்மா காபி கொடுத்தார். நான் வாட்ஸாப்பில் கேட்ட கணக்குக்கு ஏற்கனவே "ஓகே மேடம்" என்று போட்டிருந்தார், அதனால் அதில் பேச்சில்லை. என்ஜினீயர் அளவெடுத்தார், கம்பியை எண்ணினார், வாங்கியதாகச் சொன்னதில் நாலில் ஒரு பங்கு சைட்டுக்கே வரவில்லை என்று தெரிந்தது. அதைச் சத்தமாக யாரும் சொல்லவில்லை, அவரே தலையைக் குனிந்துகொண்டு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பக்கத்தில் ஒரு துணை ஒப்பந்தம் எழுதினோம். போர்ட்டிகோவுக்கும் பாத்ரூமுக்கும் 45 நாள் விட்டுக்கொடுத்தோம் (பாறசாலை அண்ணன் சொன்னபடி, இல்லாவிட்டால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்). மீதித் தாமதத்துக்கான தொகையைக் கடைசித் தவணையில் கழிப்பதாக எழுதினார். பூச்சு முடியும் வரை ஒரு ரூபாயும் கிடையாது, டிசம்பர் 31 சாவி, நீதிமன்றம் பற்றிய வரியை எடுத்துவிட்டோம். அண்ணன் ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டான், அவன்தான் மே மாதத்தில் போர்ட்டிகோவை நீட்டியவன் என்பதை யாரும் அவனுக்கு நினைவூட்டவில்லை.

போன திங்கட்கிழமை வார்ப்பு ஆனது. மூன்று மணிக்கு மழை, தார்ப்பாய் தயாராக இருந்தது, தப்பித்தோம். கியூப் ஆறு எடுத்தாயிற்று. இன்றைக்கு எட்டாம் நாள். காலையில் ஷீட் பிரிக்க இரண்டு பேர் டெம்போவோடு வந்துவிட்டார்கள். அம்மா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஆறு நாள் இருக்கிறது போய்ட்டு வா மக்கா என்று திருப்பி அனுப்பிவிட்டார். கையில் மளிகைக்கடைக் காலண்டர், பதினாலாம் தேதிக்குப் பதில் பதினாலாம் நாளில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.